ஆண்டின் பிராக் ஆல்பங்கள்: நண்பரைக் கேட்க வைக்கும் பட்டியலை எழுதுவது எப்படி

டிசம்பர் பிறந்துவிட்டால் பிராக் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் புரோகிரசிவ் ராக் இசையின் ரசிகர்களுக்கு ஒரு வேலை வந்துவிடும். அந்த ஆண்டில் வெளியான ஆல்பங்களில் தமக்குப் பிடித்த பத்தை வரிசைப்படுத்தி ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வது. எங்கள் சிறிய வட்டத்திலும் இது பல ஆண்டுகளாக நடக்கிறது. திருச்சியில் வங்கி வேலையில் இருக்கும் நான், டொரொன்டோவில் இருக்கும் என் பெரியப்பா மகள், கோயம்புத்தூரில் இருக்கும் முன்னாள் சக ஊழியர், சென்னையில் மிருதங்கம் பயிலும் என் அக்கா மகன், அவனுடைய கல்லூரித் தோழர்கள் சிலர். இவ்வளவுதான் வட்டம்.

வருகிற பட்டியல்களில் பாதிக்கு மேல் வெறும் பெயர்கள். ஒன்று முதல் பத்து வரை எண், குழுவின் பெயர், ஆல்பத்தின் பெயர், அதோடு முடிந்தது. அப்படிப்பட்ட பட்டியலைப் பார்த்து யாரும் எதையும் கேட்பதில்லை. 'ஆகா, இதுவும் வந்திருக்கிறதா' என்று நினைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். சினிமாப் பாட்டைப் பரிந்துரைத்தால் கேட்பவருக்கு ஐந்து நிமிடம் போகும். பிராக் ஆல்பம் முக்கால் மணி நேரம் கேட்கும். ஃப்ராஸ்ட் குழு 2024 அக்டோபரில் வெளியிட்ட 'லைஃப் இன் தி வயர்ஸ்' இரட்டை ஆல்பம் ஏறத்தாழ 86 நிமிடம். வேலை, வீடு, பிள்ளைகள் என்று ஓடிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் அவ்வளவு நேரத்தைக் கேட்கிறோம். அதற்கான காரணத்தை நாம்தான் சொல்ல வேண்டும். பத்தில் ஓர் ஆல்பத்தையாவது ஒருவர் முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து கேட்டால்தான் பட்டியல் வேலை செய்திருக்கிறது என்று நான் கணக்கில் எடுத்துக்கொள்வேன். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதை 2024-ஆம் ஆண்டின் ஆல்பங்களை வைத்தே சொல்கிறேன்.

ஜனவரியிலேயே நோட்டைத் திறந்துவிடுங்கள்

டிசம்பரில் உட்கார்ந்து யோசித்தால் நினைவுக்கு வருவது அக்டோபரும் நவம்பரும்தான். 2024 ஜனவரி 26 அன்று ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனைச் சேர்ந்த கலிகுலாஸ் ஹார்ஸ் குழு 'சார்க்கோல் கிரேஸ்' ஆல்பத்தை வெளியிட்டது. கொரோனா முடக்கத்தின் வலியிலிருந்து பிறந்த ஆல்பம். நான்கு பகுதிகளாக விரியும் தலைப்புப் பாடலை ஆண்டின் மிகச் சிறந்த இசைக்குள் தயங்காமல் வைப்பேன். ஆனால் அதற்குப் பிறகு பதினொரு மாதங்கள் ஓடின. சுவீடனின் ஓபெத் குழுவின் புதிய ஆல்பம் நவம்பர் 22 அன்று வந்தது. பட்டியல் எழுதும் நேரத்தில் காதில் ஒலித்துக்கொண்டிருப்பது ஓபெத்தாகத்தான் இருக்கும். ஜனவரி ஆல்பத்தின் தரம் இடையில் குறைந்துவிடவில்லை. நம் நினைவு மங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு சாதாரண நோட்டு போதும். ஆல்பம் ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். வெளியான நாள், முதன்முதலில் கேட்ட நாள், கேட்ட இடம், நின்று கேட்க வைத்த பாடல், அந்தப் பாடலில் எந்த நிமிடம். கடைசியாகச் சொன்னதுதான் உயிர். 'அருமை', 'பிரமாதம்' என்று எழுதி வைத்தால் டிசம்பரில் அந்தச் சொல் உங்களுக்கே ஒன்றும் சொல்லாது. 'மூன்றாம் பாடல், எல்லாம் அடங்கி பியானோ மட்டும் நிற்கிற இடம்' என்று எழுதியிருந்தால் ஆல்பம் அப்படியே மனத்தில் திரும்பி வரும். பட்டியலுக்கான வாக்கியங்களும் இந்தக் குறிப்புகளிலிருந்துதான் கிடைக்கும்.

டிசம்பர் முதல் வாரத்தில் புதிதாக எதையும் தேடாமல், ஜனவரி முதல் ஜூன் வரையிலான பக்கங்களை மட்டும் எடுத்து அந்த ஆல்பங்களைத் திரும்பக் கேளுங்கள். பின்பாதி ஆண்டின் ஆல்பங்களுக்கு இந்த உதவி தேவையில்லை. அவை ஏற்கெனவே காதில் இருக்கின்றன.

இன்னொரு விதியும் வைத்திருக்கிறேன். முழுதாக மூன்று முறை கேட்காத ஆல்பத்துக்குப் பட்டியலில் இடமில்லை. முதல் முறை கேட்கும்போது வியப்பு மட்டுமே மிஞ்சும். இரண்டாம் முறையில் அமைப்பு பிடிபடும். ஓர் ஆல்பம் நம்மோடு இருக்கப் போகிறதா, வந்துவிட்டுப் போகப் போகிறதா என்பது மூன்றாம் முறையில்தான் தெரியும். நவம்பர் கடைசியில் வந்து நேரம் கிடைக்காமல் போனவற்றைப் பட்டியலுக்குக் கீழே 'இன்னும் கேட்டுக்கொண்டிருப்பவை' என்று ஒரு வரியில் போட்டுவிடுங்கள். அது நேர்மையானது, படிப்பவருக்கும் பயன்படும்.

எந்த ஆண்டுக் கணக்கு

இதில் பெரிய வாதம் தேவையில்லை. ஆல்பம் முதன்முதலில் எந்த நாட்டில் வெளியானாலும் அந்த ஆண்டுதான் அதன் ஆண்டு. யெஸ் குழுவின் 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்' பிரிட்டனில் 1973 டிசம்பரிலும் அமெரிக்காவில் 1974 ஜனவரியிலும் வெளியானது. அதை 1973-இல் வைப்பதுதான் வழக்கம். கச்சேரிப் பதிவுகள், பழைய ஆல்பங்களின் ஐம்பதாம் ஆண்டுப் பதிப்புகள், பிரிட்டிஷ் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் போன்றவர்கள் மறுகலவை (ரீமிக்ஸ்) செய்து தரும் பழைய ஆல்பங்கள் ஆகியவற்றைத் தனி வரியில் வையுங்கள். 1974-இல் பிறந்த ஆல்பத்தோடு 2024-இல் பிறந்த ஆல்பத்தை மோதவிட்டால் பழையதுதான் வெல்லும். ஐம்பது ஆண்டு நினைவுகள் அதன் பக்கம் நிற்கின்றன.

எது பிராக்

இந்த இசைக்குப் புதியவர் யாராவது படித்துக்கொண்டிருந்தால் அவருக்காகச் சில வரிகள். 1960-களின் கடைசியில் பிரிட்டனில், ராக் இசைக்குழுக்கள் மூன்று நிமிடப் பாடலின் எல்லையைத் தாண்டத் தொடங்கின. மேற்கத்தியச் செவ்வியல் இசையிலிருந்து நீண்ட அமைப்பையும் ஜாஸிலிருந்து மனோதர்ம வாசிப்பையும் எடுத்துக்கொண்டன. 1969-இல் வந்த கிங் கிரிம்சனின் முதல் ஆல்பத்தைப் பலர் தொடக்கப் புள்ளியாகச் சொல்வார்கள். பிறகு யெஸ், ஜெனசிஸ், எமர்சன் லேக் அண்ட் பாமர், ஜெத்ரோ டல், பிங்க் ஃபிளாய்ட் என்று வரிசை நீண்டது. இத்தாலியில் இதற்குத் தனிக் கிளையே உண்டு. இன்று நார்வே, சுவீடன், போலந்து, ஆஸ்திரேலியா என்று எங்கும் குழுக்கள் இருக்கின்றன.

ஆண்டுதோறும் சண்டை வரும் இடம் இதுதான். 'இது பிராக்கே இல்லை' என்று யாராவது ஒருவர் எழுதுவார். 2024-இல் எங்கள் வட்டத்தில் அந்தச் சண்டை பிளட் இன்கான்டேஷன் குழுவின் 'ஆப்சலூட் எல்ஸ்வேர்' ஆல்பத்தை வைத்து நடந்தது. அமெரிக்காவின் டென்வரைச் சேர்ந்த டெத் மெட்டல் குழு அது. உறுமல் குரல், இடி போன்ற டிரம்ஸ். கோயம்புத்தூர் நண்பர் இரண்டாவது நிமிடத்திலேயே நிறுத்திவிட்டார்.

ஆனால் ஆல்பத்தை அருகில் வைத்துப் பாருங்கள். மொத்தமே இரண்டு பாடல்கள். இரண்டும் தலா மூன்று பகுதிகளாகப் பிரிகின்றன. ஓர் எல்.பி. தட்டின் பக்கத்துக்கு ஒன்று என்கிற 1970-களின் அமைப்பு. பெர்லினில் உள்ள ஹன்சா ஸ்டுடியோவில் பதிவு செய்திருக்கிறார்கள். முதல் பாடலின் நடுப்பகுதியில் உறுமலும் கிடார்களும் விலக, டாஞ்சரின் ட்ரீம் குழுவின் தோர்ஸ்டன் குவேஷ்னிங் சின்தசைசரோடு வருகிறார். சில நிமிடங்களுக்கு 1970-களின் ஜெர்மானிய மின்னிசைக்குள் நாம் நிற்கிறோம். ஆல்பத்தின் பெயரும் சும்மா வைத்ததன்று. யெஸ், கிங் கிரிம்சன் குழுக்களில் இருந்த பில் புரூஃபோர்டு டிரம்ஸ் வாசித்த ஒரு 1970-களின் குழுவுக்கு அந்தப் பெயர் இருந்தது. இதைச் செய்தவர்கள் எந்த மரபில் தங்களை வைக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பட்டியலில் வைத்தேன்.

உங்களுக்கு நான் சொல்வது: வரையறையைப் பட்டியலின் தலையில் இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். 'பாடலின் அமைப்பு எதிர்பாராத திசையில் போக வேண்டும், ஆல்பம் முழுவதும் ஒரே மூச்சாக இருக்க வேண்டும்' என்பது என்னுடையது. உங்களுடையது வேறாக இருக்கலாம். எழுதி வைத்துவிட்டால் சண்டை பாதியாகக் குறைந்துவிடும், மீதிப் பாதி சுவையாக இருக்கும்.

கேட்கும் விதம்

ஒரே அமர்வில், வரிசை மாற்றாமல் கேளுங்கள். ஒலிபரப்புச் செயலிகள் சில நேரம் பாடல்களைக் கலைத்துப் போடும். முதலில் அதை நிறுத்துங்கள். ஃப்ராஸ்ட் ஆல்பத்தில் நேயோ என்கிற இளைஞனின் கதை ஓடுகிறது. செயற்கை நுண்ணறிவு ஆளும் உலகில், அம்மா கொடுத்த பழைய ஏ.எம். வானொலியில் ஒரு குரலைக் கேட்டு, அது எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போகிறான். ஐந்தாம் பாடலுக்குப் பிறகு இரண்டாம் பாடல் வந்தால் அந்தத் தேடலே இல்லாமல் போய்விடும்.

கைப்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்டு முடிவெடுக்காதீர்கள். பேஸ் கிடார் அதில் கேட்காது, பிராக் இசையில் பேஸ் கிடார் பாதிக் கதையைச் சொல்லும். விலை உயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை, காதை மூடிக்கொள்ளும் நடுத்தர விலை ஹெட்ஃபோன் போதும். நான் இரவுச் சமையல் முடிந்து பாத்திரங்களைக் கழுவி வைத்த பிறகு, மொட்டை மாடியில் நாற்காலி போட்டுக் கேட்பேன். பாடல் வரிகளை ஒரு முறையாவது கண்ணால் படியுங்கள். பெரும்பாலான குழுக்கள் அவற்றை ஆல்பத்தோடு தருகின்றன.

தாளத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 'நாலு நாலாக வராத தாளம்' என்பது பலரைப் பயமுறுத்துகிறது. நம் ஊரில் வளர்ந்த காதுக்கு அது புதிதன்று. மிஸ்ர சாப்பு ஏழு, கண்ட சாப்பு ஐந்து. கச்சேரியில் பல்லவிக்குத் தொடையில் தட்டியவர்களுக்கு இது பழகிய கணக்கு. பிங்க் ஃபிளாய்டின் 1973 ஆல்பமான 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' தொகுப்பில் வரும் 'மணி' பாடலைப் போட்டு ஏழு எண்ணிப் பாருங்கள். சாக்சபோன் வாசிப்பும் ஏழிலேயே போகும். கிடார் தனி வாசிப்புக்குள் நுழையும் இடத்தில் பாடல் நாலுக்கு மாறும். உடம்பு திடீரென்று தளர்வதை உணர்வீர்கள். எமர்சன் லேக் அண்ட் பாமரின் 'டார்கஸ்' ஐந்து எண்ணிக்கையில் பாய்ந்து தொடங்கும். என் அக்கா மகன் ஒரு மாலையில் இந்த இரண்டையும் கையால் போட்டுப் பார்த்துவிட்டு, அடுத்து என்ன என்று கேட்டான்.

அதே சமயம், தாளக் கணக்கு கடினமாக இருப்பதால் மட்டும் ஓர் ஆல்பத்தை மேலே வைக்காதீர்கள். கணக்கு எதற்காக மாறுகிறது என்று கேளுங்கள். 'மணி' பாடலில் மாற்றம் கிடாருக்கு வெளி கொடுக்கிறது. காரணமே தெரியாமல் மாறிக்கொண்டே இருக்கும் ஆல்பங்கள் எனக்கு மூன்றாம் முறையைத் தாண்டுவதில்லை.

ஒரு பதிவை எழுதும் முறை

முக்கியமான பகுதி இது. ஓர் ஆல்பத்துக்கு ஐந்தாறு வரிகள் எழுதுங்கள். பத்து ஆல்பத்துக்கு ஐம்பது அறுபது வரிகள் ஆகும். அதற்கு மேல் போனால் படிக்க மாட்டார்கள். அந்த ஐந்தாறு வரியில் நான்கு விஷயம் வந்துவிட வேண்டும்: யார் இவர்கள், இந்த ஆல்பம் எதைப் பற்றியது, எந்தப் பாடல் வழியாக உள்ளே நுழையலாம், முன்கூட்டியே எதைச் சொல்லி எச்சரிக்க வேண்டும்.

என் 2024 பட்டியலின் முதல் இடத்தில் இருந்த ஆல்பத்துக்கு நான் எழுதியதைத் தருகிறேன்.

"பிக் பிக் ட்ரெய்ன், 'தி லைக்ஸ் ஆஃப் அஸ்', மார்ச் 1. குழுவின் பாடகர் டேவிட் லாங்டன் 2021 நவம்பரில் காலமானார். அவருக்குப் பின் இத்தாலியரான அல்பெர்டோ பிராவின் பாடும் முதல் ஸ்டுடியோ ஆல்பம். அவருடைய ஊரான திரியெஸ்தேவில் பதிவானது. 'மிராமாரே' பாடலில் தொடங்குங்கள். திரியெஸ்தே கடற்கரையில் அந்தப் பெயரில் ஓர் அரண்மனை இருக்கிறது. அதைக் கட்டிய மாக்சிமிலியன் மெக்சிகோவுக்குப் பேரரசராகப் போய் 1867-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். மனைவி சார்லெட் மனநிலை குலைந்தார். அந்தக் கதையைப் பத்து நிமிடத்தில் பாடுகிறார்கள். பித்தளை வாத்தியங்கள் எழும் இடங்களில் ஒலியைக் குறைக்காதீர்கள். அவசரம் இல்லாத மாலையில் மட்டும் கேளுங்கள்."

டொரொன்டோவில் இருக்கும் அக்கா, இதைப் படித்த அன்றே வரைபடத்தில் அந்த அரண்மனையைத் தேடிப் பார்த்துவிட்டு ஆல்பத்தைப் போட்டிருக்கிறாள். 'அழகான மெட்டுகள், அற்புதமான இசையமைப்பு' என்று எழுதியிருந்தால் தேடியிருக்க மாட்டாள். புகழ்ச்சிச் சொற்கள் எல்லா ஆல்பத்துக்கும் பொருந்தும். மிராமாரே இந்த ஆல்பத்துக்கு மட்டும்தான் பொருந்தும். எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள்: உங்கள் வரிகளில் ஆல்பத்தின் பெயரை நீக்கிவிட்டு வேறொரு பெயரைப் போட்டால் பொருந்துகிறதா? பொருந்தினால் அந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுதுங்கள்.

நுழையும் பாடலைப் படிப்பவருக்கு ஏற்ப மாற்றலாம். பிங்க் ஃபிளாய்டின் கிடார் கலைஞர் டேவிட் கில்மோரின் 'லக் அண்ட் ஸ்ட்ரேஞ்ச்' செப்டம்பர் 6 அன்று வந்தது. பிங்க் ஃபிளாய்டில் ஊறிய கோயம்புத்தூர் நண்பருக்குத் தலைப்புப் பாடலைச் சொன்னேன். அந்தக் குழுவின் கீபோர்டு கலைஞர், 2008-இல் மறைந்த ரிச்சர்ட் ரைட், அதற்கு முந்தைய ஆண்டு கில்மோரின் பண்ணைக் கொட்டகையில் வாசித்த கீபோர்டு அந்தப் பாடலுக்குள் இருக்கிறது. ரைட்டின் விரல்களை மறுபடி கேட்பது அவருக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அக்கா மகனின் தோழிகளுக்கு அந்தப் பின்னணி எதுவும் கிடையாது. அவர்களுக்கு 'பிட்வீன் டூ பாயின்ட்ஸ்' பாடலைக் கொடுத்தேன். கில்மோரின் மகள் ரோமனி பாடுகிறார், ஹார்ப்பும் அவர்தான் வாசிக்கிறார். மற்ற எந்தப் பாடலையும் விட அது எளிதாக உள்ளே இழுக்கும்.

எச்சரிக்கைகளை மறைக்காதீர்கள். ஓபெத்தின் 'தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்' ஆல்பத்தில், 2008-இன் 'வாட்டர்ஷெட்' ஆல்பத்துக்குப் பிறகு முதன்முறையாக உறுமல் குரல் திரும்பியிருக்கிறது. அதை விரும்பாதவர்கள் உண்டு. முதலிலேயே சொல்லிவிட்டால் அவர்கள் தயாராக உட்காருவார்கள். சொல்லாமல் விட்டால் முதல் நிமிடத்தில் எழுந்துபோவதோடு, அடுத்த ஆண்டு உங்கள் பட்டியலையும் நம்ப மாட்டார்கள்.

இந்த ஓபெத் ஆல்பத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல ஆசை. முதல் உலகப் போருக்குப் பிந்தைய காலத்தில், ஒரு பணக்காரக் குடும்பத் தலைவரின் உயில் பிள்ளைகள் முன்னிலையில் வாசிக்கப்படுகிறது. எட்டுப் பாடல்களில் ஏழுக்குப் பெயரே இல்லை. சட்ட ஆவணத்தில் இருப்பதுபோல் பத்திக் குறியும் எண்ணும் மட்டும். ஜெத்ரோ டல்லின் இயன் ஆண்டர்சன் இடையிடையே வாசகங்களைப் பேசுகிறார், புல்லாங்குழலும் ஊதுகிறார். 1970-களில் இந்த மரபைக் கட்டியவர்களில் ஒருவரே வந்து நிற்கிறார் என்பது இளையவர்களுக்குத் தெரியாது. எழுதுங்கள். ஆனால் பெயர் உள்ள ஒரே பாடலான கடைசிப் பாடல் 'எ ஸ்டோரி நெவர் டோல்ட்' கதையில் என்ன செய்கிறது என்பதை எக்காரணம் கொண்டும் எழுதாதீர்கள். ஏழு பத்திகளையும் பொறுமையாகக் கேட்டு வந்தவருக்கு அது சேர வேண்டியது.

வரிசையும் எண்ணிக்கையும்

பத்தோடு நிறுத்துங்கள். ஐம்பது ஆல்பப் பட்டியல்கள் சுற்றிவருவதைப் பார்க்கிறேன். உழைப்பு தெரிகிறது, ஆனால் படிப்பவர் எதில் தொடங்குவார்? பத்துக்குள் அடங்காதபோது எதை விடுவது என்ற வலி வரும். அந்த வலியில்தான் நமக்கு உண்மையில் எது பிடித்தது என்று தெரிகிறது. ஒன்றாம் இடத்தையும் இரண்டாம் இடத்தையும் மட்டும் தீர யோசித்து வையுங்கள். ஆறா ஏழா என்று மண்டையை உடைத்துக்கொள்வதில் பயனில்லை. மூன்று முதல் பத்து வரை வெளியான நாளின்படி போட்டுவிடுகிறேன்.

பெரிய பெயர்களுக்கு மரியாதைக்காக இடம் கொடுக்காதீர்கள். ஸ்டீவ் ஹாக்கெட்டின் 'தி சர்க்கஸ் அண்ட் தி நைட்வேல்' என் பட்டியலில் இருந்தது. அவர் முன்னாள் ஜெனசிஸ் கிடார் கலைஞர் என்பதற்காக வைக்கவில்லை. போருக்குப் பிந்தைய லண்டனின் புகையில் தொடங்கும் அந்தச் சுயசரிதைக் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. அதே ஆண்டில் நான் மதிக்கும் வேறு சில மூத்தவர்களின் ஆல்பங்களை வைக்கவில்லை.

குறைந்தது இரண்டு இடத்தையாவது வட்டத்தில் யாரும் கேட்டிராத குழுவுக்குக் கொடுங்கள். 2024-இல் நான் அப்படிக் கொடுத்தது நார்வேயின் மீர் குழுவுக்கு. 'வீல்ஸ் விதின் வீல்ஸ்' அவர்களுடைய ஆல்பம். எட்டுப் பேர், வயலினும் வியோலாவும் உண்டு, உடன்பிறந்த இருவர் முன்னால் நின்று பாடுகிறார்கள். மெல்லிசைப் பாட்டுப்போலத் தொடங்கி, கவனிக்காத நேரத்தில் முழு வாத்தியக் குழுவாக விரியும். பட்டியலில் எல்லோரும் சேர்ந்து பிடித்துக்கொண்டது இதைத்தான். என் அக்கா அதுவரை என் பட்டியல்களைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. மகனுடைய அறையிலிருந்து இந்தக் குரல்களைக் கேட்டுவிட்டு, யார் பாடுவது என்று எனக்குத் தொலைபேசியில் கேட்டாள்.

அனுப்பும் முறை

பத்தையும் ஒரே நாளில் கொட்டிவிடாதீர்கள். டிசம்பர் 20-க்கு மேல் நாளுக்கு ஒன்றாக, பத்தாம் இடத்திலிருந்து மேல்நோக்கி அனுப்புங்கள். ஒரு மாலையில் ஓர் ஆல்பத்தைக் கேட்க முடியும், பத்தைக் கேட்க முடியாது. ஆல்பத்துக்கான இணைப்பையும் நுழையும் பாடலின் பெயரையும் முதல் வரியிலேயே வையுங்கள். உங்கள் விளக்கம் அதற்குக் கீழே வரட்டும். சிலர் கேட்டுவிட்டுத்தான் படிப்பார்கள்.

பிடித்த ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்குங்கள், வாங்கும்படி சொல்லவும் செய்யுங்கள். இந்தக் குழுக்களில் பலவற்றில் உள்ளவர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டே இசையமைக்கிறார்கள். ஒலிபரப்புச் செயலியில் நாம் கேட்பதால் அவர்களுக்குக் கிடைப்பது மிகச் சொற்பம். பேண்ட்கேம்ப் தளத்தில் டிஜிட்டல் ஆல்பம் வாங்கினால் தளம் பொதுவாக 15 சதவீதம் எடுத்துக்கொண்டு, கட்டணச் செலவு போக மீதியைக் கலைஞர் பக்கம் அனுப்புகிறது. 2020 மார்ச்சில் தொடங்கிய 'பேண்ட்கேம்ப் வெள்ளி' நாட்களில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கிறது. அந்த நாள் வருகிறதா என்று பார்த்து, எங்கள் வட்டத்தில் சேர்ந்து வாங்குவோம்.

மற்றவர் பட்டியல் வரும்போது செய்ய வேண்டியதும் உண்டு. உடன்படாத ஆல்பத்தைப் பார்த்ததும் 'இதையா வைத்தாய்' என்று எழுதிவிடாதீர்கள். 'எந்தப் பாடல், எந்த இடம்?' என்று கேளுங்கள். கோயம்புத்தூர் நண்பரிடம் பிளட் இன்கான்டேஷனைப் பற்றி இப்படித்தான் பேச்சு தொடர்ந்தது. முதல் பாடலின் நடுப்பகுதியை மட்டும், சின்தசைசர் வரும் இடத்திலிருந்து கேட்டுப் பாருங்கள் என்றேன். கேட்டார். உறுமல் இன்னும் அவருக்கு ஒத்துவரவில்லை, ஆனால் அந்த நடுப்பகுதி தன்னிடம் இருக்கும் டாஞ்சரின் ட்ரீம் தட்டுகளைத் திரும்ப எடுக்க வைத்ததாகச் சொன்னார். அடுத்த முறை அவர் பட்டியலில் எனக்குப் பிடிக்காத ஒன்று இருந்தால், அதே கேள்வியைக் கேட்டு அவர் காட்டும் இடத்தைக் கேட்பது என் முறை.

பிப்ரவரியில் ஒரு முறை விசாரித்துவிடுங்கள். பத்தில் எதை முழுதாகக் கேட்டார்கள், எதைப் பாதியில் விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்று. வரும் பதில்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு எந்தப் பாடலை முதலில் கொடுக்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்திலிருந்துதான் பிடிபடும். அதற்குள் அடுத்த ஆண்டின் ஆல்பங்கள் வந்துகொண்டிருக்கும். 2025-இல் பிப்ரவரி 7 அன்றே, மைக் போர்ட்னாய் டிரம்ஸுக்குத் திரும்பிய ட்ரீம் தியேட்டரின் 'பாரசோம்னியா' வந்துவிட்டது. மார்ச் 14 அன்று, இரண்டே பாடல்கள் கொண்ட ஸ்டீவன் வில்சனின் 'தி ஓவர்வியூ' வந்தது. இரண்டுக்கும் தலா அரைப் பக்கம் ஒதுக்கி, கேட்ட நாளையும் நிமிடத்தையும் குறித்தாயிற்று.